பின் கண்ணாடியைக் கறுப்பாக்கிவிட்டுப் பிள்ளையை ஏசாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கார், வான் வைத்திருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசியுங்கள். ஏனென்றால் அந்தக் காருக்குப் பின்னுக்கு நிற்கப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.

ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரி வீதியிலோ கண்டி வீதியிலோ பத்து நிமிஷம் நின்று போகிற வாகனங்களைப் பாருங்கள். எத்தனை காரின் பின் கண்ணாடி வழியாக உள்ளே இருக்கிறவரின் தலை தெரிகிறது என்று எண்ணுங்கள். கை விரல் போதும். மற்றதெல்லாம் கறுப்பு. முன்பக்க ஜன்னல் கறுப்பு, பின்பக்க ஜன்னல் கறுப்பு, பின் கண்ணாடி அதைவிடக் கறுப்பு. வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு உள்ளே தெரியவில்லை என்பதைப் பற்றி நான் இன்று எழுத வரவில்லை. இரவில் உள்ளே இருக்கிறவருக்கு வெளியே தெரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"அதெல்லாம் தெரியும் ரீச்சர், உள்ளுக்குள்ள இருந்து பாத்தா கிளியரா இருக்கும்" என்பதுதான் எல்லோரும் சொல்கிற முதல் பதில். பகலில் சரி. இரவில் இல்லை. ஏன் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியையாகச் சொல்கிறேன். கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்குத்தான்.

கறுப்புப் பேப்பர் ஒட்டுகிற கடையில் "இருபது போடவா, முப்பத்தைந்து போடவா" என்று கேட்பார்கள். பலர் இருபது என்றால் இருபது வீதம் கறுப்பு என்று நினைத்து, "குறைஞ்சதாப் போடுங்கோ" என்று இருபதைத் தெரிவு செய்கிறார்கள். அது தலைகீழ். 20 என்றால் வெளியே இருக்கிற வெளிச்சத்தில் 20 வீதம்தான் உள்ளே வரும் என்று அர்த்தம். மிச்சம் 80 வீதமும் வெளியே நின்றுவிடும். இலக்கம் குறையக் குறையக் கறுப்புக் கூடும். 5 என்று ஒரு பேப்பரும் இருக்கிறது. அதை ஒட்டுகிறவர் நூறில் ஐந்து பங்கு வெளிச்சத்தோடு வாகனம் ஓட்டச் சம்மதிக்கிறார்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் ஓடுகிற கார், வான்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்தவை. ஜப்பான்காரன் காரின் பின்பாதிக் கண்ணாடிகளைத் தொழிற்சாலையிலேயே கருமையாகத்தான் செய்து விடுகிறான். முன் கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னலுக்கும் 70 வீதத்துக்குக் குறையக்கூடாது என்று அங்கே சட்டம். பின்பக்கத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. அப்படி வருகிற கண்ணாடி சுமார் 25 வீத வெளிச்சத்தைத்தான் விடும். அதன் மேல் இங்கே ஒரு 20 இலக்கப் பேப்பரை ஒட்டுகிறோம். 25இல் 20 வீதம் எவ்வளவு? ஐந்து. 5 இலக்கப் பேப்பர் ஒட்டினால்? ஒன்றேகால். அதாவது வெளியே இருக்கிற வெளிச்சத்தில் எண்பதில் ஒரு பங்கு. "நான் மெல்லிசாத்தானே ஒட்டினன்" என்கிற நானாமார் இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் பகலில் பிரச்சினை தெரிவதில்லை? யாழ்ப்பாணத்து உச்சி வெயில் அப்படி. நடுப்பகலில் வெளியே சுமார் ஒரு இலட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. உங்கள் போனிலும் அளக்கலாம், அதற்குச் செயலி இருக்கிறது.) அதில் 5 வீதம் என்றாலும் 5000 லக்ஸ். எங்கள் வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ஆகவே பகலில் அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் வகுப்பறையைவிட வெளிச்சமாகவே உலகம் தெரியும். கண்ணும் மூளையும் சமாளித்துவிடும். கடைக்காரர் பகலில்தான் ஒட்டுகிறார், நாங்களும் பகலில்தான் உள்ளே இருந்து பார்த்துவிட்டு "வடிவா இருக்கு" என்று காசைக் கொடுக்கிறோம்.

இரவில் அப்படியில்லை. முழு நிலா நாளில்கூட நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். ஒழுங்கை முனையில் ஒரு பல்ப் எரிந்தால் அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒன்றிரண்டு லக்ஸ் வரலாம். அதில் 5 வீதத்தை எடுத்துப் பாருங்கள். பௌர்ணமியைப் பிறையாக்கிவிடுகிறது அந்தப் பேப்பர். பிறையை என்ன ஆக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "றிவேர்ஸ் லைட் இருக்குத்தானே" என்பார்கள். இருக்கிறது, 16 வாற்று அல்லது 21 வாற்றுச் சின்ன பல்ப். அது போய்ப் பிள்ளையில் பட்டு, திரும்பி, அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தாண்டித்தான் உங்கள் கண்ணுக்கு வர வேண்டும். நூறு வந்தால் ஐந்து வரும். அந்தப் பிள்ளை கறுப்போ கடும் நீலமோ உடுத்திருந்தால் அதுவும் வராது.

இன்னொன்று. வயது. அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள்ளே விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சிறுத்துவிடும், வில்லை மஞ்சளித்துவிடும். கற்றறக்ட் வந்தவருக்கு அதைவிடக் குறைவு. எங்கள் ஊரில் சொந்தக் கார் வாங்குகிற வசதி பெரும்பாலும் எந்த வயதில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டில் இருக்கிற மகன் வாப்பாவுக்குக் கார் எடுத்துக் கொடுக்கிறான். வாப்பாவுக்கு அறுபத்தைந்து. கார்க் கடையே பரிசாக நாலு பக்கமும் பேப்பர் ஒட்டிக் கொடுக்கிறது. அந்த வாப்பா இஷாவுக்குப் பிறகு ஒழுங்கைக்குள்ளிருந்து பின்பக்கமாக எடுக்கிறார்.

இப்போது நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஊர் சொல்லவில்லை, ஆள் சொல்லவில்லை, அது முக்கியமில்லை. போன நோன்பில் ஒரு தராவீஹ் முடிந்த நேரம். பெண்கள் பக்கத்தால் நாங்கள் வெளியே வருகிறோம். பிள்ளைகள் வழமை போல ஓடித் திரிகிறார்கள். ஒரு வான் பின்பக்கமாக வருகிறது. ஏழு வயதுப் பொடியன் ஒருவன் கழன்ற செருப்பை மாட்டக் குனிந்து நிற்கிறான். பக்கத்தில் நின்ற ஒரு நானா வானின் உடம்பில் கையால் ஓங்கி அடித்துக் கத்தினார். வான் நின்றது. பம்பருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். சாரதி இறங்கி வந்து சொன்னது, "பின்னுக்கு ஒண்டும் தெரியேல்லை." அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வானில் பின்னுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபடிதான் காசு கொடுத்துச் செய்து வைத்திருக்கிறார். ஆனால் அங்கே கூடினவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொடியனை ஏசினார்கள். "ராவில றோட்டில என்னடா விளையாட்டு?" அவனுடைய உம்மாவையும் ஏசினார்கள். வானின் கண்ணாடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஏச்சுத்தான் என்னை இதை எழுத வைத்தது.

அது பள்ளிவாசல் வாசல். சோனகதெருவிலோ ஐந்து சந்தியிலோ உள்ள ஒழுங்கைகளின் அகலம் உங்களுக்குத் தெரியும். 1990இல் விட்டுப் போன வீடுகளுக்கு 2009க்குப் பிறகு திரும்பி வந்து மதில் கட்டி, கேற் போட்டு, அதே பழைய ஒழுங்கைக்குள் இப்போது வானும் விடுகிறோம். அந்த ஒழுங்கைகள் கரத்தைக்கும் சைக்கிளுக்கும் அமைந்தவை. ஒரு வான் நுழைந்தால் திருப்ப இடமில்லை. ஒன்றில் உள்ளே போகும்போது பின்பக்கமாகப் போக வேண்டும், அல்லது வரும்போது பின்பக்கமாக வர வேண்டும். எங்கள் தெருவில் மட்டுமில்லை, வண்ணார்பண்ணையிலும் நல்லூரிலும் வடமராட்சியிலும் ஒழுங்கை என்றால் இதுதான். பின் கண்ணாடி அதிகமாகத் தேவைப்படுகிற ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஊர்தான்.

இதோடு ரியூசனைச் சேருங்கள். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஏழு மணிக்கு வகுப்பு விட்டால் நூறு நூற்றைம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சைக்கிளோடு வீதிக்கு வருகிறார்கள். எங்கள் பெற்றோர் காலத்துச் சைக்கிளில் டைனமோ இருந்தது. இப்போதைய சைக்கிளில் அது இல்லை, பூட்டவும் ஆளில்லை. அதே நேரம் அந்த ரியூசன் வாசலில் பிள்ளைகளை ஏற்ற வந்த கார்கள் நிற்கின்றன. ஏற்றிவிட்டு, பின்னுக்கு எடுத்து, திருப்பிக்கொண்டு போகின்றன. தன் பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக வந்த தகப்பன், மற்றவன் பிள்ளை பின்னுக்கு நிற்பது தெரியாத வாகனத்தோடு வருகிறார். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, எதிர்ப்பக்கத்து நியாயங்களுக்கு வருவோம். நான் கேட்டவற்றையே சொல்கிறேன்.

"யாழ்ப்பாணத்து வெக்கைக்குக் கறுப்புப் பேப்பர் இல்லாமல் ஏலாது." வெக்கை உண்மை. ஆனால் சூரியனிலிருந்து வருகிற சக்தியில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் பாதிக்கும் குறைவு. மலிவான கறுப்புப் பேப்பர் என்பது சாயம். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பங்கைத்தான் மறிக்கிறது, மறித்த சூட்டைத் தானே உறிஞ்சிக் கண்ணாடியைச் சுட வைக்கிறது. செங்கீழ்க் கதிரை மறிக்கிற, பார்வைக்கு ஏறக்குறைய நிறமே இல்லாத பேப்பர்கள் சந்தையில் இருக்கின்றன. விலை கூட. சூடுதான் உங்கள் பிரச்சினை என்றால் அதை வாங்குங்கள். கறுப்பை வாங்கிவிட்டுச் சூட்டைக் காரணம் சொல்ல வேண்டாம். அதோடு, சூரியன் இரவில் வருவதில்லை. இரவிலும் கழற்ற முடியாத ஒன்றை ஏன் ஒட்ட வேண்டும்? கொக்கி வைத்த வலைத் திரை சில நூறு ரூபாதான். பகலில் பக்க ஜன்னலுக்கு மாட்டுங்கள், பொழுதுபட்டதும் கழற்றுங்கள்.

"பின்னால வாறவன் எல்ஈடி லைட் அடிக்கிறான், கண் கூசுது, அதுக்குத்தான் பின் கண்ணாடி கறுப்பு." இதில் பாதி நியாயம் இருக்கிறது. கண்ட கண்ட எல்ஈடி பல்ப்பைப் பூட்டிக்கொண்டு டிம் பண்ணாமல் வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். ஆனால் உங்கள் காரின் உள்கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கிறதே, அதை ஒருமுறையாவது தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதைத் தட்டினால் கண்ணாடி சாய்ந்து, பின்னால் வருகிற வெளிச்சத்தில் சுமார் 4 வீதத்தை மட்டும் உங்கள் கண்ணுக்கு அனுப்பும். கூச்சம் போய்விடும். பின்பக்கம் எடுக்கும்போது திரும்பத் தட்டினால் முழு வெளிச்சமும் வரும். இலவசமாக வந்த சாமான். ஒட்டின பேப்பரை அப்படித் தட்ட ஏலாது.

"கமரா இருக்கு." இருக்கட்டும், நல்லது. அமெரிக்காவில் 2018 மே மாதம் தொடக்கம் புதிதாக விற்கிற எல்லாச் சிறிய வாகனங்களுக்கும் பின்பக்கக் கமராவைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு அடிப்படையான சட்டம் 2008இல் வந்தது. தன் வீட்டு முற்றத்தில் தகப்பனே பின்பக்கமாக எடுத்த வாகனத்தில் பட்டு இறந்துபோன இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரைத்தான் அந்தச் சட்டம் தாங்கியிருக்கிறது. தகப்பன் ஒரு வைத்தியர், கவனமில்லாத ஆள் இல்லை. அந்த நாட்டில் இப்படிப் பின்பக்கம் எடுக்கும்போது மட்டும் வருஷத்துக்குச் சுமார் 210 பேர் இறந்துகொண்டிருந்ததாக அரசாங்கமே கணக்கிட்டது. ஆகவே கமராவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் வீதிப் புழுதியிலும் மாரி மழையிலும் அந்தக் கமராவின் கண் எப்படி இருக்கிறது? கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? ஜப்பானில் பூட்டின திரை இன்னும் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது, அது எச்சரிக்கையா வணக்கமா என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. கமரா பின் கியரில் மட்டும்தான் வேலை செய்யும். வலப்பக்கம் திரும்ப முன் பின்னால் ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு வருகிறதா, கதவைத் திறக்க முன் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று அது சொல்லாது. பக்கக் கண்ணாடி சொல்லும் என்பீர்கள். முன்பக்க ஜன்னலிலும் கறுப்பை ஒட்டியிருந்தால் பக்கக் கண்ணாடியையும் அந்தக் கறுப்பு வழியாகத்தானே பார்க்கிறீர்கள்?

ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "கண்ணாடி தெளிவா இருந்தாலும் பம்பரோட ஒட்டி நிக்கிற மூண்டடிப் பிள்ளை தெரியாதுதானே?" உண்மை, தெரியாது. ஆனால் பிள்ளை வானத்திலிருந்து பம்பருக்குப் பின்னால் குதிப்பதில்லை. ஒரு படலையிலிருந்தோ மதில் ஓரத்திலிருந்தோ நடந்துதான் அங்கே வருகிறது. அப்படி வருகிற அந்த நாலைந்து எட்டில் தெளிவான கண்ணாடி காட்டிக்கொடுக்கும். கறுப்புக் கண்ணாடி காட்டாது.

"லண்டனில பின் கண்ணாடி எவ்வளவு கறுப்பா இருந்தாலும் சட்டம் ஒண்டும் செய்யாது, எங்கட மச்சான் சொன்னவர்." மச்சான் சொன்னது சரி. பிரித்தானியாவில் முன் கண்ணாடிக்கு 75 வீதம், முன்பக்க ஜன்னலுக்கு 70 வீதம் கட்டாயம். பின்பக்கத்துக்கு அளவு இல்லை. ஆனால் மச்சானின் வீதியில் இரு மருங்கிலும் நடைபாதை இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் விளக்கு இருக்கிறது. மாடு படுத்திருப்பதில்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு இரவில் ஒருமுறை போய்விட்டு வந்து லண்டனைப் பற்றிப் பேசுவோம்.

லண்டனைவிட எங்களுக்குப் பக்கத்து நாடு நல்ல உதாரணம். அதே வெயில், அதே ஒழுங்கைகள், அதே சனம். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. முன் கண்ணாடிக்கு 70 வீதம், பக்க ஜன்னல்களுக்கு 50 வீதம். பின் கண்ணாடிக்கு எவ்வளவு? அதற்கும் 70. கவனியுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு. பின்னுக்குப் பார்ப்பதும் ஓட்டுவதில் ஒரு பகுதிதான் என்று விதி எழுதினவர்களுக்கு விளங்கியிருக்கிறது. விதி இருந்தும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு அவிஷேக் கோயங்கா என்ற ஒரு குடிமகன் பொதுநல வழக்குப் போட்டார். 2012 ஏப்ரல் 27ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் (எங்களுடைய உயர் நீதிமன்றத்துக்குச் சமமானது) தீர்ப்புச் சொன்னது: எந்த வீதத்திலும் கறுப்புப் பேப்பர் ஒட்டக்கூடாது, மே 4ஆம் திகதி தொடக்கம் அமுல். கறுப்புக் கண்ணாடிக்குள் நடக்கிற குற்றங்களோடு வீதி விபத்தும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சென்னை உட்பட நகரங்களில் பொலிஸார் வாகனங்களை நிறுத்தி வீதி ஓரத்திலேயே உரித்தார்கள். பேப்பர் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் திரும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஓகஸ்ட் மாதத்தில் அதுவும் எடுபடவில்லை. பின்னர் விதியைத் திருத்தினார்கள், 2024இல் கேரள உயர் நீதிமன்றம் பேப்பர் ஒட்டலாம் என்றது. ஆனால் ஒட்டின பிறகும் முன்னுக்கும் பின்னுக்கும் 70, பக்கத்துக்கு 50 இருக்க வேண்டும். அந்த இலக்கங்களை ஒருவரும் அசைக்கவில்லை. எங்கள் பெருக்கலில் வந்தது எவ்வளவு? ஐந்து.

இனிப் பெண்களின் பேரால் சொல்லப்படுகிற நியாயம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பேச வேண்டும். "எங்கட பொம்புளையள் போற வாகனம், வெளியில ஆக்கள் பாக்கக்கூடாது, அதுக்குத்தான் கறுப்பு." எங்கள் சமூகத்தில் மட்டுமில்லை, மற்றச் சமூகத்திலும் குடும்ப மரியாதை என்ற பேரில் இதைச் சொல்கிறார்கள். நான் ஒரு பெண். அபாயா அணிகிறேன். அந்த வாகனங்களின் பின் சீற்றில் போகிறேன். எங்களிடம் யாராவது கேட்டீர்களா? என்னை மறைப்பதற்கு என் உடுப்புப் போதும். அதை அணிந்துகொண்டு பஸ்ஸிலும் ஓட்டோவிலும் பாடசாலைக்கும் போய் வருகிறேன், அங்கே கறுப்புக் கண்ணாடி இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு மறைவு தேவை என்றால் பக்க ஜன்னலுக்குத் திரை போதும். பின் கண்ணாடி எதற்கு? பின்னால் வருகிறவருக்கு எங்கள் தலையின் பின்பக்கம்தான் தெரியும், அதுவும் சீற்றின் மேலால்.

அதைவிடப் பெரிய விஷயம், கறுப்பு அபாயாவோடு இரவில் ஒழுங்கையில் நடந்து போகிறவர்களும் நாங்கள்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மதிலோடு மதிலாக. உள்ளே இருக்கிற பெண்ணை மறைக்கிறேன் என்று சொல்லி, வெளியே நடக்கிற பெண்ணைச் சாரதியின் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகிறீர்கள். எங்கள் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் நடக்கும்போது ஒரு சின்ன ரோச் லைட்டையோ போன் வெளிச்சத்தையோ எரியவிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பையில் ஒளி தெறிக்கிற பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள். என் வகுப்பில் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். ஆனால் அதைச் சாட்டி வாகனக்காரர் தப்ப முடியாது. அந்தப் பட்டியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கறுப்புக் கண்ணாடிக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. வெள்ளை வான் என்று சொன்னால் இந்த ஊரில் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லை. இலக்கத் தகடு இல்லை, கண்ணாடிக்குள் யார் என்று தெரியாது. அந்தப் பயத்தோடு வாழ்ந்த சனம், சமாதானம் வந்து கையில் காசு வந்ததும் அதே கண்ணாடியை அந்தஸ்தாக ஒட்டிக்கொண்டது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். அதற்கு முன்னைய காலத்தை மூத்தவர்கள் சொல்வார்கள். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் ஏ40 கார்கள். புகை தள்ளும், ஏற்றத்தில் நின்றுவிடும், ஆனால் முன்னும் பின்னும் பளிங்கு போலக் கண்ணாடி. உள்ளே யார் போகிறார் என்று சந்தியில் நிற்கிறவருக்குத் தெரியும், சந்தியில் யார் நிற்கிறார் என்று உள்ளே போகிறவருக்கும் தெரியும்.

பின்னால் ஓட்டுகிறவர்களுக்கும் இதில் இழப்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னால் போகிற காரின் கண்ணாடி தெளிவாக இருந்தால் அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று அதன் ஊடாகப் பார்க்கலாம். ஒரு மாடு குறுக்கே போனால் நீங்களும் சேர்த்துப் பிறேக் பிடிக்கலாம். கறுப்பென்றால் நீங்கள் ஒரு சுவருக்குப் பின்னால் ஓடுகிறீர்கள். பின் கண்ணாடிக்கு உள்ளே, மேலே, நடுவில் எரிகிற மூன்றாவது பிறேக் லைட்டும் பல கார்களில் அந்தப் பேப்பருக்குள் அகப்பட்டுவிடுகிறது. பின்னால் வருகிறவனை எச்சரிக்கவென்று பூட்டின விளக்குக்கே முகமூடி போட்டிருக்கிறோம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிவிட்டது. புதிய கார்கள் ஊருக்கு வருகின்றன. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த ஆபத்தான மேலதிகச் சாமான்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியபோது எவ்வளவு சத்தம் வந்தது என்று ஞாபகம் இருக்கும். ஏழை ஓட்டோக்காரனின் அலங்காரம் எல்லோருக்கும் கண்ணில் குத்தியது. கார்க்காரரின் கறுப்பு யாருக்கும் குத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் சாகிற நாடு இது. பொலிஸ் வந்து உரிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நாலு பக்கமும் உரியுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டால் நடக்காது என்று தெரியும். பின் கண்ணாடி ஒன்று. முன்பக்க ஜன்னல் இரண்டு. இந்த மூன்றிலும் இருக்கிற பேப்பரை எடுங்கள். பாடசாலை வான் வைத்திருக்கிறவர்கள் மட்டும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பின் சீற்றில் பிள்ளை ஒன்று நித்திரையாகிக் கிடந்தால் வெளியே நிற்கிறவருக்குத் தெரிய வேண்டும். பெற்றோர் மாதம் மாதம் காசு கொடுக்கிறீர்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ரியூசன் நடத்துகிறவர்களும் வாசலில் வாகனம் பின்பக்கம் எடுப்பதை நிறுத்தலாம். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டுப் பிள்ளையை நடத்திக்கொண்டு போகச் சொல்லலாம். அதற்கு ஒரு சட்டமும் தேவையில்லை, ஒரு கயிறும் கயிறு பிடிக்க ஒரு ஆளும் போதும்.

உரிப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு, எங்கள் மச்சானின் காரில் செய்த முறை: காரை வெயிலில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், அல்லது தலைமயிர் உலர்த்துகிற மெஷினால் மூலையைச் சூடாக்குங்கள். நகத்தால் மூலையைக் கிளப்பி, அவசரப்படாமல், கண்ணாடியோடு ஒட்டினாற்போல இழுத்து வாருங்கள். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இழுத்தால் பசை குறைவாக மிஞ்சும். பின் கண்ணாடியில் கிடையாக ஓடுகிற மெல்லிய கோடுகள் மழைக்காலத்துப் புகாரைப் போக்குகிற சூட்டுக் கம்பிகள். அவற்றின் மேல் பிளேட் போடவே கூடாது, அறுந்துவிடும். மிஞ்சின பசைக்கு ஈரத் துணியைச் சவர்க்காரத்தோடு ஒட்டிவைத்து ஊற விட்டு, கோடு ஓடுகிற பக்கமாகவே துடையுங்கள். மச்சானுக்கு ஒரு அஸர் நேரம் எடுத்தது. ஏலாதவர்கள் சொல்லுங்கள், எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் நாலு பேர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வந்து செய்து தர ஆயத்தமாக இருக்கிறார்கள். காசு வேண்டாம், தேத்தண்ணி போதும் என்கிறார்கள்.